கோத்தகிரி ஏத்தத்துக்கு சைக்கிள்ல மோட்டார்: ஹப்பா, மிட் டிரைவா, ரோலரா?

பால்கேன் கோத்தகிரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்குங்க.

எங்க ஹட்டி, அதாவது எங்க கிராமம், கோத்தகிரி மெயின் ரோட்டுக்கு கீழ இருக்கு. வீட்ல இருந்து டவுனுக்கு நாலரை கிலோமீட்டர், காலைல போறப்ப பூரா ஏத்தம், சாயங்காலம் வர்றப்ப பூரா இறக்கம். டவுன்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல வேலை. காலைல ஆறரைக்கு பாலை சொசைட்டில ஊத்திட்டு அப்படியே கடைக்கு போயிரணும். பத்து லிட்டர் கேன், கேரியர்ல பழைய ட்யூப் போட்டு கட்டியிருப்பேன். அப்பாகிட்ட டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் இருக்கு ஆனா அவரு ஆறு மணிக்கே தோட்டத்துக்கு எடுத்துட்டு போயிருவாரு, அந்த நேரத்துக்கு எங்க பக்கம் பஸ்ஸும் கிடையாது. அதனால பாதி தூரம் மிதிச்சு பாதி தூரம் தள்ளிதான் போறேன். மேல போய் சேர்றப்ப சட்டை முதுகோட ஒட்டிக்கும், அந்த ஈரத்தோட மிஸ்ட்டுக்குள்ள போய் கடை ஷட்டரை தூக்கணும், போன மாசம் மட்டும் ரெண்டு தடவை சளி புடிச்சு படுத்துட்டேன்.

சைக்கிள் 26 இன்ச் எம்டிபி, அதாவது மவுண்டன் பைக். பின்னாடி 7 கியர், முன்னாடி ஒரே பல்சக்கரம் 44 பல்லு. முன்னாடி டிஸ்க் பிரேக், பின்னாடி ரிம்மைக் கவ்வற வி பிரேக். இதுல மோட்டார் போடலாம்னு விசாரிச்சா மூணு பேரு மூணு விதமா சொல்றாங்க. கோயம்புத்தூர்ல ஒரு கடைல 250 வாட் ஹப் மோட்டார், வீலோடவே வரும், மாட்டினா போதும்னாங்க. எங்க சித்தப்பா பையன், தோட்டத்துல களை வெட்டற மெஷினோட இஞ்சின் ஒண்ணு சும்மா கிடக்கு, அதுல ரோலர் போட்டு டயர் மேல அமுக்கி வெச்சா போதும்ங்கறான். கடைக்கு மருந்து கொண்டு வர்ற அண்ணன் ஒருத்தர், பெடல்கிட்ட மாட்டற மிட் டிரைவ் மோட்டார்தான் மலைக்கு சரின்னாரு, ஆனா விலை ஹப்பை விட நல்லாவே ஜாஸ்தி, அதுக்கு நான் ஆறேழு மாசம் சேர்த்து வைக்கணும்.

எனக்கு ஸ்பீடு வேண்டாம், பால் சிந்தாம ஏறினா போதும். ஒரு தடவை காசு போட்டா நாலஞ்சு வருசம் ஓடணும். இந்த ரோட்டுல நிஜமா ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.


குன்னூர் ஒர்க்‌ஷாப்:

தம்பி, அந்தக் கடைக்காரர் பொய் சொல்லல, அவரு ஊரு ரோட்டுக்கு அவரு சொன்னது சரி. மேட்டுப்பாளையத்துல இருந்து அன்னூர் வரைக்கும் ஓட்டறதுன்னா ஹப் மோட்டாரை விட சுலபமானது வேற இல்ல, செயினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, நாலு வருசத்துக்கு தொடக்கூட வேண்டாம். நம்ம ரோட்டுல கதை வேற.

போன வருசம் என்கிட்ட ஒரு வண்டி வந்துச்சு, அருவங்காட்டுல இருந்து தினம் குன்னூர் வந்துட்டு ஏறித் திரும்பற பையனோடது, 250 வாட் கியர் ஹப். திடீர்னு சத்தம் மட்டும் வருது வண்டி போக மாட்டேங்குதுன்னான். ஆறு ஸ்க்ரூ கழட்டி மூடியைத் தூக்கினதும் கருகின வார்னிஷ் வாசனை மூஞ்சில அடிச்சுச்சு. உள்ள சின்னதா மூணு நைலான் பல்சக்கரம் சுத்தும், அந்த மூணுலயும் ஒரு பக்கத்துப் பல்லு பூரா மழுங்கி, துருவின தேங்கா மாதிரி தூள் கிரீஸோட கலந்து கிடந்துச்சு. காயில்ல செம்புக் கம்பி பழுப்பு நிறமா இருக்கணும், இதுல ஒரு பாதி கருப்பு. மோட்டார் சுத்தறதைக் கவனிக்கற ஹால் சென்சார் ஒயரோட பிளாஸ்டிக் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. வாங்கி பதினொரு மாசம்தான்.

ஏன்னு கேட்டீன்னா கணக்கு இதுதான். நீ, சைக்கிள், மோட்டார், பேட்டரி, பால் கேன் எல்லாம் சேர்த்து ஒரு 100 கிலோன்னு வெச்சுக்கோ. 10 சதவீத ஏத்தத்துல அந்த 100 கிலோவை பின்னாடி இழுக்கற விசை சுமார் 98 நியூட்டன், டயர் உருள்ற தேய்மானம் ஒரு 10 சேத்துக்க. 10 கிலோமீட்டர் வேகத்துல ஏறணும்னாவே சக்கரத்துல 300 வாட் வேணும். 25ல ஏறணும்னா 750 வாட். 250 வாட் மோட்டாரும் உன் காலும் சேர்ந்தா 10, 11 கிலோமீட்டருக்கு மேல போக முடியாது, எந்த கம்பெனி மோட்டாரா இருந்தாலும் இதுதான், இதுல யாரும் மாயம் பண்ண முடியாது.

இப்ப ஹப் மோட்டார் சக்கரத்தோடயே பூட்டின மோட்டார். 25 கிலோமீட்டர் வேகத்துக்குன்னு சுத்தின காயில் அது, அந்த வேகத்துல சக்கரம் நிமிசத்துக்கு 200 சுத்து சுத்தும், மோட்டார் சந்தோசமா இருக்கும். 10ல ஏறறப்ப சக்கரம் 80 சுத்துதான். மோட்டாரும் அதே விகிதத்துல மெதுவாயிரும், ஆனா இழுக்கற பலம் மட்டும் முழுசா குடுக்கணும். கரண்ட் ஏறும். கரண்ட் ரெண்டு மடங்கானா காயில்ல சூடு நாலு மடங்கு. பேட்டரில இருந்து வர்றதுல பாதி வரைக்கும் சூடாவே போயிரும், அந்த சூடு வெளிய வர வழியும் இல்ல, மூடின டப்பா. பத்து நிமிசம் தாங்கும், அரை மணி நேரம் தினமும்னா தாங்காது.

மிட் டிரைவ்ல மோட்டார் பெடல் இருக்கற இடத்துல உக்காந்துக்கும், அதோட பலம் உன் செயின், உன் கியர் வழியாத்தான் பின் சக்கரத்துக்கு போகும். பின்னாடி பெரிய பல்லுல செயின் விழுந்துச்சுன்னா சக்கரம் மெதுவா சுத்தும் மோட்டார் வேகமா சுத்தும், லாரிக்காரன் பர்லியார் தாண்டினதும் செகண்ட் கியர் போடறானே அதேதான். மோட்டார் ஒண்ணுதான், வாட் ஒண்ணுதான், கியர் இருக்கா இல்லையாங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

ஆனா காசைப் போடறதுக்கு முன்னாடி உன் ரோட்டை அளந்து பாரு. 5, 6 சதவீதம்தான்னா நல்ல ஹப்பே போதும், சும்மா செலவு பண்ண வேண்டாம். ஒரு மீட்டர் ரீப்பர் கட்டை ஒண்ணும் கொத்தனார்கிட்ட ரசமட்டமும் வாங்கிக்க. கட்டையோட ஒரு முனையை ரோட்டுல மேட்டுப் பக்கம் வை, இன்னொரு முனையை குமிழி நடுவுல வர்ற வரைக்கும் தூக்கு, அந்த முனைக்கும் ரோட்டுக்கும் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம் ஏத்தம். எங்க ரொம்ப தள்ளறியோ அங்க அள.


மஞ்சூர் எஸ்டேட் ரோடு:

ரோலர் விசயம் நான் சொல்றேன், ஏன்னா அதை செஞ்சு ரெண்டு வருசம் ஓட்டினவன் நான். நண்பா உங்க சித்தப்பா பையன் சொல்றது தப்பில்ல, முதல் நாள் ஓட்டறப்ப அவ்வளவு சந்தோசமா இருக்கும். 43 சிசி களை வெட்டற இஞ்சின், 32 மில்லி ரோலர், கடைசல்ல குடுத்து மேல சொரசொரப்பா கோடு போட்டு வாங்கினேன். 26 இன்ச் டயரோட விட்டத்தை ரோலரோட விட்டத்தால வகுத்தா எவ்வளவோ அதுதான் கியர், எனக்கு 20 வந்துச்சு. தனியா செயின் வேண்டாம், செயின் ஓடற ஸ்பிராக்கெட் பல்சக்கரம் வேண்டாம், ஒரு கீல், ஒரு ஸ்பிரிங், அமுக்கினா ஓடும் தூக்கினா வெறும் சைக்கிள். இதைவிட எளிமையான அமைப்பு கிடையாது, பிப்ரவரி மார்ச்ல கெத்தை ரோட்டுல எனக்கு ஒரு குறையும் தெரியல.

ஜூன்ல மழை புடிச்சதும் தெரிஞ்சுது. ஈர டயர்ல ரோலர் சுத்துது, டயர் நிக்குது. சரின்னு ஸ்பிரிங்கை இறுக்கினேன், அப்ப ரோலர் டயரை அரைக்க ஆரம்பிச்சுருச்சு. டயர் நடுவுல இருக்கற குமிழ் எல்லாம் ரெண்டே மாசத்துல வழுக்கை, பின்னாடி மட்கார்டு பூரா கருப்பு மாவு. ஒரு தடவை தேயிலை சாக்கோட ஏறறப்ப வளைவுல வழுக்கி வண்டி நின்னுருச்சு, பின்னாடி பஸ், நான் இறங்கி ஓரம் புடிக்கறதுக்குள்ள உசுரு போய் வந்துச்சு. உங்களுக்கு கோத்தகிரி பக்கம் ஜூன்ல அவ்வளவு மழை இல்லாட்டியும் ஐப்பசி கார்த்திகைல கொட்டும், தவிர மிஸ்ட் இறங்கினாவே டயர் நனைஞ்சிரும்.

அப்பறம் அதே இஞ்சினை செயினுக்கு மாத்தினேன். இடது பக்கம் ஸ்போக்கு மேல ரப்பர் வளையம் வெச்சு ஸ்பிராக்கெட்டை போல்ட் போட்டு கடிக்க வெச்சேன். வழுக்கறது நின்னுச்சு, ஆனா ஸ்போக் உடைய ஆரம்பிச்சுது, வாரத்துக்கு ஒண்ணு. ஸ்போக் சைக்கிளையும் ஆளையும் தாங்கறதுக்கு போட்டது, இஞ்சின் முறுக்கறதுக்கு போட்டதில்ல. சக்கரம் கோணி செயின் கழண்டு ஒரு நாள் ஃப்ரேமுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல சிக்கி பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. அன்னைக்கு கழட்டி வெச்சதுதான்.

இன்னும் ரெண்டு விசயம். நம்ம உயரத்துல, 2,000 மீட்டர்ல, காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட கிட்டத்தட்ட ஐஞ்சுல ஒரு பங்கு கம்மி. கார்புரேட்டர் இஞ்சினுக்கு அந்த அளவு பலமும் கம்மியாகும், பெட்ரோல் அதிகமா போய் பிளக் கருத்துப் போகும், பெட்ரோல் வர்ற ஜெட்டை சின்னதா மாத்தணும். மின் மோட்டாருக்கு அந்த பிரச்சினையே இல்ல, காத்து இருந்தா என்ன இல்லாட்டி என்ன. ரெண்டாவது, மோட்டார் வாகனச் சட்டத்துல 25 சிசி தாண்டினா அது மோட்டார் வண்டிதான், ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாம ரோட்டுல ஓட்ட முடியாது. களை வெட்டற இஞ்சின் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும். என்னை யாரும் நிறுத்தல, ஆனா யார் மேலயாவது இடிச்சிருந்தா இன்சூரன்ஸ் இல்லாம நான் என்ன பண்ணியிருப்பேன்னு இப்ப நெனச்சாலும் பயமா இருக்கு. தயவுசெஞ்சு பால் கேனோட அதை செய்யாதீங்க.


பால்கேன் கோத்தகிரி:

ரொம்ப நன்றிங்ணா ரெண்டு பேருக்கும். ரோலர் ஆசையை விட்டாச்சு, சித்தப்பா பையனுக்கும் படிச்சுக் காட்டினேன்.

ஞாயித்துக்கிழமை ரசமட்டம் எடுத்துட்டு போய் அளந்தேன். எங்க ஹட்டி ரோடு சேர்ற இடத்துல இருந்து தேயிலை ஃபேக்டரி வரைக்கும் 6, 7 சென்டிமீட்டர்தான். ஃபேக்டரி தாண்டி அரை கிலோமீட்டர் 11 வருது. ரெண்டு கொண்டை ஊசி இருக்கு, அதுல உள்பக்கம் வெச்சா 17, வெளிப்பக்கம் 9. ஃபோன்ல உயரம் பார்த்தேன், வீட்டுக்கும் கடைக்கும் 290 மீட்டர் வித்தியாசம் காட்டுது. அளக்கறப்ப போற வர்றவங்க எல்லாம் ரோடு போடப் போறாங்களான்னு ஆவலா கேட்டாங்க, பாவம், அந்த அரை கிலோமீட்டர் அவ்வளவு குழி.

இதுக்கு ஹப் தாங்குமா தாங்காதா? அப்பறம் 36 வோல்ட் 10 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி போதுமா?


கூடலூர் ரைடர்:

எல்லாரும் ஏத்தத்தையே பேசறீங்க, இறக்கத்தை யாருமே பேசல. நான் கூடலூர் பக்கம், நடுவட்டம் வரைக்கும் ஏறி இறங்கறவன். கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் ஹப் போட்டிருக்கேன், பெரிசு, மோட்டார் மட்டும் 6 கிலோவுக்கு மேல. அதுல நைலான் பல்லே கிடையாது, மழுங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. முக்கியமா இறங்கறப்ப பிரேக் லீவரைத் தொட்டா மோட்டாரே டைனமோ மாதிரி திரும்பி வண்டியைப் புடிக்கும், கரண்ட்டு பேட்டரிக்கு திரும்பப் போகும். பேட்டரிக்கு வர்றது கொஞ்சம்தான், அதுக்காக சொல்லல. பிரேக் கட்டை மிஞ்சுது பாருங்க அதுக்காக சொல்றேன். முன்னாடி மாசம் ஒரு ஜோடி பிரேக் ரப்பர் மாத்திட்டு இருந்தேன், இப்ப வருசத்துக்கு ரெண்டு ஜோடி. நாலரை கிலோமீட்டர் இறக்கம் தினமும் இறங்கறவருக்கு இது சின்ன விசயம் இல்ல.

கியர் ஹப்புலயும் மிட் டிரைவ்லயும் உள்ள ஒரு பக்கம் மட்டும் கடிக்கற ஃப்ரீவீல் இருக்கறதால இந்த வசதி கிடையாது, இறங்கறப்ப மோட்டார் சும்மா நிக்கும்.


குன்னூர் ஒர்க்‌ஷாப்:

கூடலூர் ரைடர் சொல்றது நியாயமான பேச்சு, இறக்கம் முக்கியம்தான். ஆனா அவரோட மோட்டார் பெரிசு, 250 வாட் கிடையாது, அவரே சொல்வாரு. டைரக்ட் டிரைவ் ஹப் மெதுவா ஏறறப்பதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி சூடாகும், சூட்டைத் தாங்கறதுக்காகவே பெரிய மோட்டார் போடணும். பேட்டரி ஃபுல்லா இருந்தா திருப்பி வர்ற கரண்ட்டை அது வாங்காது, பிரேக் புடிக்காது. தம்பி கடைல சார்ஜ் போட்டு ஃபுல் பண்ணிட்டு சாயங்காலம் மேல இருந்து கிளம்பறான்னு வை, முதல் ரெண்டு வளைவுக்கு அந்த பிரேக் இல்லவே இல்ல. அது தெரியாம அதையே நம்பி இறங்கினா ஆபத்து.

தம்பி உன் அளவுக்கு வர்றேன். 11 சதவீதத்துல அரை கிலோமீட்டர், நடுவுல 17ல ரெண்டு வளைவு. 11 சதவீதத்துல உன் பின் சக்கரத்துக்கு தேவையான முறுக்கு விசை 38 நியூட்டன் மீட்டர் கிட்ட வருது. சின்ன கியர் ஹப் உச்சமா குடுக்கறதே 30ல இருந்து 40 வரைக்கும்தான். அது உச்சம், ஒரு நிமிசத்துக்கு. நீ நல்லா மிதிச்சா ஏறிரும், ஒரு வருசம் ஓடும், அப்பறம் அருவங்காட்டுப் பையன் மாதிரி என்கிட்ட கொண்டு வருவே. நாலஞ்சு வருசம்னு கேட்டதால சொல்றேன், மிட் டிரைவ் போடு. ஆறு மாசம் சேர்த்து வெச்சே போடு.

பேட்டரிக்கு கவலைப்படாதே. 100 கிலோவை 290 மீட்டர் தூக்க 79 வாட் அவர், உருள்ற தேய்மானத்துக்கு ஒரு 12, மோட்டார்லயும் அதுக்கு கரண்ட்டை அளந்து விடற கன்ட்ரோலர்லயும் போற நஷ்டம் எல்லாம் போட்டா 120 கிட்ட. அதுலயும் கால்வாசி உன் காலு குடுக்கும். 36 வோல்ட் 10 ஏஎச்னா 360 வாட் அவர். ஒரு சார்ஜ்ல மூணு தடவை ஏறலாம். பெரிய பேட்டரி விக்கப் பார்ப்பாங்க, வாங்காதே, அதையும் நீதான் தூக்கிட்டு ஏறணும்.


கேத்தி பெடல்:

நான் மிட் டிரைவ் போட்டு ரெண்டு வருசம் முடிஞ்சுது, கேத்தில இருந்து ஊட்டி, வாரத்துக்கு அஞ்சு நாள். நல்லதை மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் பட்டதை சொல்றேன் சகோ.

செயின் தேயும். ரொம்ப தேயும். மனுசன் காலு குடுக்கறதை விட ரெண்டு மூணு மடங்கு பலம் அந்த ஒல்லி செயின் வழியா போகுது. என் முதல் செயின் நாலு மாசம்தான் வந்துச்சு, அதைக் கண்டுக்காம ஓட்டினதால பின்னாடி பல்லு எல்லாம் சுறா பல்லு மாதிரி சாஞ்சிருச்சு, செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூணும் சேர்த்து மாத்தினேன். இப்ப மாசம் ஒரு தடவை ஸ்கேல் வெச்சு அளக்கறேன். 24 கண்ணி சரியா 12 இன்ச் இருக்கணும், அதுக்கு மேல ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு நீண்டிருந்தா செயினை மட்டும் மாத்திருவேன், பல்சக்கரம் பிழைச்சுக்கும். இந்த ஒரு பழக்கம் வந்ததுல இருந்து செலவு பாதியா குறைஞ்சிருச்சு.

இன்னொண்ணு, மோட்டார் இழுத்துட்டு இருக்கறப்ப கியர் மாத்தவே கூடாது. சாதா சைக்கிள்ல நாம தெரியாமலே காலை லேசாக்கி கியர் மாத்தறோம், மோட்டாருக்கு அது தெரியாது, அது முழு பலத்தோட இழுக்கும், செயின் ரெண்டு பல்லுக்கு நடுவுல கடிபட்டு படார்னு சத்தம் வரும், ஒரு நாள் லவ்டேல் கிட்ட அறுந்தே போச்சு. பிரேக் லீவர்ல மோட்டார் கட் ஆகற சுவிட்ச் மோட்டார் கிட்டோட (மாட்டற செட்டோட) வரும். லீவரை லேசா ஒரு விரல்ல தொட்டு, மோட்டார் நின்னதும் கியரைத் தட்டி, விரலை எடுக்கணும். ஒரு வாரத்துல கை பழகிரும். கொண்டை ஊசிக்கு முன்னாடியே பெரிய பல்லுக்கு போயிருங்க, வளைவுக்குள்ள போய் மாத்தாதீங்க.

உங்க முன் பல்சக்கரம் 44 ரொம்ப பெரிசு. 10 கிலோமீட்டர்ல ஏறறப்ப பெடல் நிமிசத்துக்கு 70, 80 சுத்து சுத்தினாதான் மோட்டாருக்கு சுகம். முன்னாடி 44, பின்னாடி 28ன்னா 51 சுத்துதான் வரும், அப்பறம் ஹப் மாதிரியேதான் சூடாகும், மிட் டிரைவ் போட்டே பிரயோஜனம் இல்ல. முன்னாடி 38, பின்னாடி 34 பல்லு இருக்கற ஃப்ரீவீல் (பின் பல்சக்கர அடுக்கு) போட்டா 71 வருது. ஃப்ரீவீல் விலை பெரிசா இல்ல, ஆனா நிறைய பேர் இதை விட்டுட்டு மோட்டாரைக் குறை சொல்றாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு போற குழாயோட அகலத்தை அளங்க. பாஃபாங் கம்பெனி மாதிரி சாதாரண கிட்டெல்லாம் 68ல இருந்து 73 மில்லி வரைக்கும்தான் உக்காரும். மோட்டார் கீழ தொங்கறதால கேபிள் போற வழியும் பாக்கணும்.

குளிர். மார்கழி தைல எங்க பக்கம் காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி இருக்கும். லித்தியம் பேட்டரியை பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் போடவே கூடாது, உள்ள கெட்டுப் போயிரும். ராத்திரி பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சு சார்ஜ் போடறேன். கோத்தகிரில அவ்வளவு உறைபனி இல்ல, இருந்தாலும் மாட்டுக் கொட்டாய்ல வெச்சு போடாதீங்க.

சட்டம் கேட்டீங்கன்னா 250 வாட், 25 கிலோமீட்டருக்கு மேல போகாதது, அதுவும் டெஸ்டிங் ஏஜென்சி அப்ரூவல் வாங்கின வண்டிக்குதான் லைசென்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்னு விதி. நாமளா மாட்டற கிட்டுக்கு அந்த பேப்பர் இருக்கான்னு கடைல கேட்டு வாங்குங்க. 750 வாட் மிட் டிரைவ் ஒண்ணு காட்டுவாங்க, ஆசையா இருக்கும், அது மோட்டார் வண்டி கணக்குல வந்துரும்.


லோகோ ஷெட் ரிட்டயர்டு:

தம்பி, நான் குன்னூர் ரயில் இஞ்சின் ஷெட்ல வேலை பார்த்தவன். நீங்க எல்லாரும் பேசறதை படிச்சதும் எனக்கு எங்க வண்டிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் மலை ரயில் மத்த ரயில் மாதிரிதான் ஓடும், இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் புடிச்சுட்டு போகும். கல்லாறு தாண்டினதும் ஏத்தம் 12 அடிக்கு ஒரு அடி, உன் கணக்குல 8 சதவீதம். அதுக்கு மேல வெறும் சக்கரத்தை நம்ப முடியாதுன்னுதான் 1899ல குன்னூர் வரைக்கும் பாதை போட்டப்பவே நடுவுல பல்லுத் தண்டவாளம் போட்டாங்க, ரெண்டு வரிசை, ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட இடைவெளிக்கு நேரா. அதுல ஓடற எக்ஸ் கிளாஸ் நீராவி இஞ்சின்ல நாலு சிலிண்டர், ரெண்டு சக்கரத்தை ஓட்டும், ரெண்டு பல்சக்கரத்தை ஓட்டும். குன்னூருக்கு மேல ஏத்தம் கம்மி, அங்க பல்லு கிடையாது. ரோலரும் செயினும் இதேதான். வழுக்கற இடத்துல பல்லு வேணும், வழுக்காத இடத்துல பல்லைப் போட்டா தேய்மானம்தான் மிச்சம். பல்லுத் தண்டவாளம் ஓடற இடத்துல ஆயில், கிரீஸ், பல்லு தேஞ்சதை அளக்கறது இது ஓயவே ஓயாது. கேத்தி தம்பி மாசாமாசம் செயினை அளக்கறேன்னு சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.

நான் 1980கள்ல டிவிஎஸ் 50 வெச்சிருந்தேன். ஒரே கியர், வேகத்துக்குத் தக்கபடி தானே கடிக்கற கிளட்ச். வெலிங்டன் ஏத்தத்துல வேகம் குறையறப்ப கிளட்ச் வழுக்கி வாசனை வரும், வீட்டுக்காரம்மா இறங்கி நடந்து வருவாங்க. இப்ப இருக்கற எக்ஸ்எல் 100ம் ஒரே கியர்தான், ஆனா இஞ்சின் ரெண்டு மடங்கு பெரிசு, அதனால இழுக்குது. அப்பா வண்டி மாதிரி பழைய எக்ஸ்எல் ஒண்ணு பேப்பரோட கிடைச்சா அதையும் ஒரு தடவை யோசி, 40, 50 கிலோ பாரம்னா சைக்கிள் தாங்காது. பத்து லிட்டர் பாலுக்கு சைக்கிள் போதும்னுதான் எனக்கும் தோணுது.

பிரேக் பத்தி ஒண்ணு. மலை ரயில் இறங்கறப்ப ஒவ்வொரு பெட்டிலயும் ஒரு பிரேக்மேன் நின்னு, விசில் சத்தத்துக்கு பிரேக் போடுவாரு. அத்தனை பிரேக் ஏன்னா, மேல தூக்கறதுக்கு செலவு பண்ணின பலத்துல பெரும்பகுதி இறங்கறப்ப பிரேக் மேலதான் வரும். நீ 290 மீட்டர் இறங்கறே, அந்த உயரத்துக்கு தூக்கின பலத்துல பெரும்பகுதி உன் ரிம்முலயும் டிஸ்க்லயும் சூடா இறங்கும். பின்னாடி வி பிரேக்கை இறக்கம் பூரா இழுத்துப் புடிச்சுட்டே வந்தா ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும், நேர்ல பார்த்திருக்கேன். மாத்தி மாத்தி புடி, புடிச்சு விடு. முடிஞ்சா பின்னாடியும் டிஸ்க் போட்டுக்க, மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடியே.


பால்கேன் கோத்தகிரி:

ஐயா நீங்க சொன்னதை அப்பாவும் உக்காந்து கேட்டாரு, அவருக்கும் பழைய டிவிஎஸ் 50 ஞாபகம் வந்துருச்சு. பின்னாடி டிஸ்க் முதல்ல போட்டுக்க சொல்லிட்டாரு, அதுக்கு அவரே காசு தர்றேன்னாரு.

பாட்டம் பிராக்கெட் அளந்தேன், 68 வருது. மிட் டிரைவே போடறதுன்னு முடிவு பண்ணிட்டேன், 36 வோல்ட் 250 வாட். தை மாசத்துக்குள்ள காசு சேர்ந்துரும். அதுக்குள்ள 34 பல்லு ஃப்ரீவீலும் 38 பல்லு முன் சக்கரமும் போட்டு மோட்டார் இல்லாமயே ஓட்டிப் பாக்குறேன், தள்ற தூரமாவது குறையும்ல. ஒர்க்‌ஷாப் அண்ணா, மாட்டறதுக்கு உங்ககிட்ட கொண்டு வரலாமா, எப்ப வரட்டும்?


குன்னூர் ஒர்க்‌ஷாப்:

தாராளமா வா தம்பி. செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, பத்து மணிக்குள்ள வந்தீன்னா மதியத்துக்குள்ள முடிச்சு வெலிங்டன் ரோட்டுல ஒரு தடவை ஏத்திப் பார்த்துட்டே அனுப்பறேன். ஃப்ரீவீலை முதல்ல மாத்தறது ரொம்ப நல்ல யோசனை, பழைய செயினோட நீளம் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துக்க. செயின் பழசா இருந்தா புது பல்சக்கரத்துக்கு புது செயினே போட்டுரு.

வர்றப்ப பால் கேனையும் காலியா எடுத்துட்டு வா. பேட்டரி ஃப்ரேம் நடுவுல உக்காரும், கேரியர் பாரம் பின்னாடி, கேனை வெச்சுப் பார்த்துதான் ஒயரை எந்தப் பக்கம் கட்டறதுன்னு முடிவு பண்ணணும். கேனைக் கட்டற ட்யூப் கன்ட்ரோலர் ஒயர் மேல உரசுச்சுன்னா மூணே மாசத்துல தோலுரிஞ்சிரும்.